மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக்கென்று ஒரு சமூகச் செயலி: பெரிய கம்பனிகளின் போட்டிக்குள் இடம் இருக்கா?

மருதமுனைத்தறி எழுதியது:

ஸலாம், வணக்கம். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை உள்ள ஆக்களுக்கென்று ஒரு சமூகச் செயலி செய்யப் போகிறோம். கல்முனைக்குப் பக்கத்து மருதமுனையில் நாங்கள் மூன்று பேர், எட்டு மாதத்துக்குத் தாங்கும் காசு. படம், சின்ன வீடியோ, அரட்டை, ஊர்ச் செய்தி, கைத்தறிச் சாரமும் சாறியும் விற்க ஒரு பகுதி, எல்லாம் ஒரே இடத்தில். தமிழில் மட்டும். பேஸ்புக் கணக்காலேயே உள்ளே வரலாம், அங்கே உள்ள கூட்டாளிகளை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று யோசனை.

மூன்று விஷயம் தெரிய வேணும். ஒன்று, நல்ல ஒரு புது வசதியை நாங்கள் வைத்தால் பெரிய கம்பனி அதைப் பார்த்துச் செய்ய எவ்வளவு காலம் எடுக்கும்? அதற்குள் வளர்ந்துவிடலாமா? இரண்டு, பேஸ்புக் லொகினை நம்பிக் கட்டுவது சரியா? மூன்று, மைஸ்பேஸ் என்ற பழைய சமூகத் தளம் அசிங்கமாக இருந்ததால் பேஸ்புக் வென்றது, பிறகு டிக்டொக் வந்து பேஸ்புக்கையே உலுக்கியது. அப்படியென்றால் பின்னால் வருகிறவனுக்கும் இடம் இருக்கிறதுதானே?

வாவிக்கரை எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே வருகிறேன். வசதியை மட்டும் நம்பி இந்தத் துறையில் நிலைத்தவர்கள் இல்லை. பார்த்துச் செய்வதற்கு மாதக் கணக்குப் போதும். படம் மாற்றிக்கொள்கிற செயலியான ஸ்னப்சட்டுக்கு நடந்ததை விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் திட்டத்துக்கு மிக நெருக்கமான பாடம் அது.

24 மணித்தியாலத்தில் மறைந்துபோகும் ‘ஸ்டோரி’யை ஸ்னப்சட் 2013 ஒக்டோபரில் கொண்டுவந்தது. அந்த ஆண்டிலேயே 3 பில்லியன் டொலருக்கு வாங்கக் கேட்ட பேஸ்புக்குக்கு முடியாது என்று சொல்லிவிட்டது. 2016 ஓகஸ்டில் இன்ஸ்டகிராம் அதே வசதியை, அதே பெயரில், அதே 24 மணித்தியாலத்தோடு போட்டது. இதில் முதல் ஆள் ஸ்னப்சட்தான் என்று இன்ஸ்டகிராமை ஆரம்பித்த கெவின் சிஸ்ட்ரொம் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து, 2017 ஏப்ரலில், இன்ஸ்டகிராம் ஸ்டோரியைத் தினமும் பாவித்தவர்கள் 200 மில்லியன். அதே காலத்தில் ஸ்னப்சட் செயலியையே தினமும் பாவித்தவர்கள் மொத்தம் 166 மில்லியன்தான்.

ஏன் இவ்வளவு கெதியாக? இன்ஸ்டகிராம் திரையின் மேல்வரியைப் பாருங்கள். வட்டம் வட்டமாக முகங்கள். ஒருவர் ஏற்கெனவே 300 பேரைப் பின்தொடர்கிறார் என்றால், ஸ்டோரி வந்த அன்று காலையிலேயே அந்த 300 பேரும் வரிசையில் நிற்கத் தயார். ஒன்றும் தேட வேண்டியதில்லை, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஸ்னப்சட்டுக்குப் புதிதாகப் போகிறவரோ அதே 300 பேரை ஒவ்வொருவராகத் தேட வேண்டும், அதில் பாதிப்பேர் அங்கே இருக்கவும் மாட்டார்கள். வசதியை எவர் முதலில் கண்டுபிடித்தார் என்பது இங்கே கணக்கில் வரவில்லை. ஆட்களுக்கிடையே உள்ள தொடுப்பு யாரிடம் ஏற்கெனவே கட்டப்பட்டுக் கிடக்கிறதோ, பார்த்துச் செய்ததன் பலனும் அவரிடமே போய்ச் சேர்கிறது.

ஆனால் ஸ்னப்சட் செத்துப்போகவில்லை, அதையும் கவனியுங்கள். அந்தச் செயலியைத் திறந்தவுடன் வருவது கமெரா. நெருங்கிய நாலைந்து பேரோடு நாள் தவறாமல் படம் மாற்றிக்கொள்கிற பழக்கம் அங்கே ஊறிவிட்டது. அந்தப் பழக்கத்தை இன்ஸ்டகிராமால் பிடுங்க முடியவில்லை. ஸ்டோரி போனது, நெருங்கிய கூட்டாளிகள் மிஞ்சினார்கள்.

காசும் ஆளும் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. கூகிள் 2011 ஜூனில் கூகிள் பிளஸ் தொடங்கியது. கூட்டாளிகளை வட்டம் வட்டமாகப் பிரித்து வைக்கிற வசதி பேஸ்புக்கில் இருந்ததைவிட நேர்த்தி. ஜிமெயிலில் இருந்தவர்களையெல்லாம் உள்ளே தள்ளினார்கள், 2013இல் யூடியூப் கொமென்டுக்குக்கூட கூகிள் பிளஸ் கணக்கு வேணும் என்றார்கள். கணக்கு எண்ணிக்கை ஏறியது, ஆனால் வந்தவர்கள் பேச அங்கே ஆளில்லை. 2019 ஏப்ரல் 2ஆம் திகதி பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். தள்ளிக்கொண்டு வந்து விட்ட ஆள் திரும்பிப் போவார். மருதமுனையில் உள்ள எல்லாருடைய போனிலும் உங்கள் செயலியைப் போட்டுவிட்டாலும் இதே கதிதான், நாளைக்கு அதைத் திறக்க ஒரு வேலை இருந்தாலொழிய.

மைஸ்பேஸ் பற்றிச் சின்னத் திருத்தம். அசிங்கமாக இருந்தது மெய், ஆனால் ஏன் அசிங்கமாகவே விட்டுவைத்தார்கள் என்பதில்தான் விஷயம். நியூஸ் கோர்ப் என்ற ஊடகக் கம்பனி அதை 2005இல் 580 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே கூகிளோடு 900 மில்லியன் டொலர் விளம்பர ஒப்பந்தம், இத்தனை பக்கம் பார்க்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதன் பிறகு ஒரு வேலையை இரண்டு சொடுக்கில் முடிக்கிற மாதிரிச் சுருக்கினால் பக்க எண்ணிக்கை குறையும், காசு குறையும். பேஸ்புக் அந்தக் காலத்தில் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஆட்களின் உண்மைப் பெயரையும் உண்மைக் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டே போனது. 2011இல் மைஸ்பேஸ் கைமாறிய விலை சுமார் 35 மில்லியன்.

ஒலுவில்வெளிச்சம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வேண்டாம். லொகின் பொத்தான் வைப்பது வேறு, கூட்டாளிப் பட்டியலை அங்கிருந்து எடுப்பதை நம்பித் திட்டம் போடுவது வேறு.

வைன் என்ற செயலி ஞாபகம் இருக்கா? ஆறு வினாடி வீடியோ. டுவிட்டர் வாங்கி 2013 ஜனவரி 24ஆம் திகதி வெளியிட்டது. ‘உங்கள் பேஸ்புக் கூட்டாளிகளில் யார் இங்கே இருக்கிறார்கள்’ என்று தேடும் வசதி அதில் இருந்தது. அந்த வசதியின் கதவைப் பேஸ்புக் வெளியீட்டு நாளிலேயே சாத்தியது. சாத்தலாமா என்று ஊழியர் கேட்டதும், மார்க் சக்கர்பேர்க் சரி என்றதும் 2018 டிசம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் இருக்கிறது. வைன் மூடப்பட்டதற்குக் காரணம் அது மட்டுமல்ல, வீடியோ போடுகிறவர்களுக்கு உழைக்க வழி கொடுக்காதது பெரிய பிழை. ஆனால் முதல் நாளிலேயே கூட்டாளி தேட முடியாமல் போன செயலிக்கு அது சின்ன அடி இல்லை.

டுவிட்டரும் இதையே செய்தது. இன்ஸ்டகிராமைப் பேஸ்புக் 2012 ஏப்ரலில் ஒரு பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அந்த ஜூலையிலேயே, இன்ஸ்டகிராமுக்குள் இருந்து டுவிட்டர் கூட்டாளிகளைத் தேடுவதை டுவிட்டர் நிறுத்தியது. டிசம்பரில் இன்ஸ்டகிராம் தன் படங்கள் டுவிட்டருக்குள் விரிந்து தெரிவதை நிறுத்தியது. இரண்டு பேரும் மாறி மாறிக் கதவைச் சாத்தினார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2015 ஏப்ரல் 30க்குப் பிறகு பேஸ்புக்கின் பழைய ஏபிஐ, அதாவது மற்றச் செயலிகள் அதன் தரவை எடுக்கிற வழி, இல்லை. இப்போது லொகின் தருகிற கூட்டாளிப் பட்டியலில், உங்கள் செயலியை ஏற்கெனவே பாவித்து அனுமதியும் கொடுத்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். அதற்கும் பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டாவின் பரிசீலனையில் தேற வேண்டும். ஆக, ஆள் மிகவும் தேவைப்படுகிற முதல் மாதத்தில் அந்தப் பட்டியல் வெறுமையாகவே இருக்கும்.

பெரியவனுக்கும் கதவு அடுத்தவன் கையில் இருந்தால் வலிக்கும். 2021 ஏப்ரலில் அப்பிள் தன் ஐபோனில் ‘இந்தச் செயலி உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா’ என்று கேட்கத் தொடங்கியது. அதனால் 2022இல் சுமார் 10 பில்லியன் டொலர் வருமானம் போகும் என்று மெட்டாவே சொன்னது.

அப்போ என்ன செய்வது? வட்ஸ்அப் 2009இல் செய்தது போலத் தொலைபேசி இலக்கத்தையே அடையாளமாக வையுங்கள். போனில் உள்ள பெயர்ப் பட்டியல் பாவனையாளருடைய சொந்தப் பொருள், அதைச் சாத்த பேஸ்புக்கால் முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது சறுக்குகிற இடம் இரண்டு.

முதலாவது இலக்கத்தின் வடிவம். ஊரில் எல்லாரும் 077, 075 என்று பூச்சியத்தோடுதான் பதிந்து வைத்திருப்பார்கள். கட்டாரில் இருக்கிறவருடைய போனில் கட்டார் சிம் இருக்கும். உங்கள் நிரல் சிம்மைப் பார்த்து நாட்டைத் தீர்மானித்தால், அவர் 077 என்று பதிந்த உம்மாவின் இலக்கத்தைக் கட்டார் இலக்கமாக எடுத்து முன்னால் 974 போட்டுவிடும், உம்மா கிடைக்கவே மாட்டார். 07இல் தொடங்கிப் பத்து இலக்கம் இருந்தால், சிம் எந்த நாடாக இருந்தாலும் முதலில் பூச்சியத்தை எடுத்து 94 சேர்த்துத் தேடிப்பாருங்கள். கட்டார் இலக்கம் எட்டுத்தான், ஆகவே அங்கே குழப்பம் வராது. பல நாடுகளுக்கும் கூகிளின் லிப்போன்நம்பர் என்ற இலவச நிரற்தொகுதி இருக்கிறது, அதற்கு இயல்பு நாடாக இலங்கையைக் கொடுங்கள்.

இரண்டாவது இரகசியம். இலக்கங்களை ஹாஷ் செய்து, அதாவது நேராக வாசிக்க முடியாத குறியாக மாற்றி, அனுப்பினால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 07க்குப் பிறகு எட்டு இலக்கம், அதாவது 10 கோடி சாத்தியங்கள்தான். எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நிமிடம் போதும். என் அபிப்பிராயம், முதல் ஆறு மாதம் பெயர்ப் பட்டியலைத் தொடவே வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய அழைப்பு இணைப்பு ஒன்று கொடுங்கள், யார் யாரை அழைத்தார் என்பதிலிருந்தே தொடுப்பு உருவாகும். பெயர்ப் பட்டியல் கேட்கிற நாள் வந்தால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

மருதமுனைத்தறி எழுதியது:

அண்ணன், காக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. லொகின் விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் டிக்டொக் மனதில் நிற்கிறது. அதற்குக் கூட்டாளிப் பட்டியல் இருக்கவில்லை, தொடுப்பு இருக்கவில்லை, அப்படியும் வந்து வென்றது. நாங்கள் தமிழில் மட்டும், ஊர் வீடியோ மட்டும் காட்டினால் அந்த வழியில் போக முடியாதா?

கல்லடிப்பாலம் எழுதியது:

டிக்டொக்கின் வழி வேறு என்பது சரி. மற்றவர்கள் ‘யாரைத் தெரியும்’ என்று கேட்டார்கள், டிக்டொக் ‘எதைப் பார்த்து நின்றாய்’ என்று கேட்டது. வீடியோவை முழுக்கப் பார்த்தாரா, திரும்பப் பார்த்தாரா, இரண்டாவது வினாடியில் தள்ளிவிட்டாரா என்பதை வைத்து அடுத்ததைத் தெரிவுசெய்கிறது. அதனால் கூட்டாளி ஒருவர்கூட இல்லாத ஆளுக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே ருசி பிடிபடும்.

ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தீனி வேணும். டிக்டொக்கை உருவாக்கிய பைட்டான்ஸ் கம்பனி 2017 நவம்பரில் மியூசிக்கலி என்ற சின்ன வீடியோச் செயலியை வாங்கி, 2018 ஓகஸ்ட் 2ஆம் திகதி டிக்டொக்கோடு கலந்தது. வீடியோ போட்டுப் பழகிய இளவட்டம் முழுவதும் ஒரே நாளில் உள்ளே வந்தது. அதற்கு மேல் போட்டியாளர்களின் செயலிகளிலேயே விளம்பரம் வாங்கி ஆள் சேர்த்தது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீடியோ 20 வினாடி. ஒருவர் நாளுக்கு அரை மணித்தியாலம் பார்த்தால் 90 வீடியோ. இரண்டு மாவட்டத்திலும் அலைந்து முதல் மாதத்தில் 300 வீடியோ சேர்த்தீர்கள் என்று வையுங்கள். நாலாம் நாள் பின்னேரம் எல்லாம் முடிந்துவிடும். ஐந்தாம் நாள் பார்த்ததையே திரும்பக் காட்டுவீர்கள், ஆள் டிக்டொக்குக்குப் போய்விடுவார். தெரிவுசெய்ய 300 வீடியோதான் இருக்கிறபோது எந்தக் கணிப்பு நிரலும் ஒன்றும் செய்ய ஏலாது.

செலவு அடுத்தது. ஒரு வினாடிக்கு ஒரு மெகாபிட் என்று இறுக்கினாலும் 20 வினாடி வீடியோ இரண்டரை எம்பி. 90 வீடியோவுக்கு 225 எம்பி. ஆயிரம் பேர் பார்த்தால் நாளுக்கு 225 ஜிபி, மாதத்துக்கு 6,750 ஜிபி. ஒரு ஜிபிக்கு 8 அமெரிக்கச் சதம் என்று பிடித்தாலும் மாதம் 540 டொலர். ஆயிரம் பேருக்கு மட்டும்.

பாவிக்கிறவருடைய பக்கத்துக் கணக்கு இன்னும் மோசம், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இங்கே ஆக்கள் போடுகிற பெக்கேஜ்களில் யூடியூப், பேஸ்புக், வட்ஸ்அப், டிக்டொக் போன்றவற்றுக்கென்று தனியாக டேட்டா ஒதுக்கியிருக்கும், சிலதில் அளவே இருக்காது. உங்கள் செயலி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு நாளில் 225 எம்பியும் அவர் காசு கொடுத்து வாங்கிய பொது டேட்டாவிலிருந்து வெட்டுப்படும். டிக்டொக்கில் சும்மா பார்க்கக்கூடியதை உங்களிடம் காசுக்குப் பார்க்கச் சொல்கிறீர்கள். இந்தியாவில் 2016 பெப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இப்படிச் செயலிக்குச் செயலி விலை மாற்றுவதைத் தடுத்தது, பேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் அங்கே நின்றதும் அதனால்தான். இங்கே பெக்கேஜ் விற்பனை நடக்கிறது, அதை வைத்துத்தான் நீங்கள் திட்டமிட வேணும். வீடியோ தானாக ஓடக்கூடாது. படம் 1080 அகலத்துக்குள், வெப்பி வடிவத்தில், 100 கேபிக்குக் கீழே. பார்த்த படத்தைப் போனிலேயே சேமித்து வையுங்கள், இரண்டாந்தரம் இறக்கக்கூடாது.

‘தமிழில் மட்டும்’ என்பதையும் வேலி என்று நம்ப வேண்டாம். 2020 ஜூன் 29ஆம் திகதி இந்தியா டிக்டொக்கைத் தடைசெய்தது. அடுத்த சில நாட்களிலேயே மொஜ் போன்ற செயலிகள் தமிழ் உட்படப் பல மொழிகளில், பெரும் முதலீட்டோடு இறங்கின. இன்ஸ்டகிராமும் ஜூலையிலேயே ரீல்ஸ் என்ற சின்ன வீடியோப் பகுதியை அங்கே திறந்தது, செப்டெம்பரில் யூடியூப் ஷோர்ட்ஸை இறக்கியது. வெற்றிடத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இந்த இரண்டும்தான். வீடியோவில் ஆள் பேசுகிற தமிழ் எந்தச் செயலியிலும் தமிழ்தானே.

வாவிக்கரை எழுதியது:

கல்லடிப்பாலம் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் தம்பியின் மூன்றாவது கேள்விக்கு ‘இடமே இல்லை’ என்று யாரும் விளங்கிக்கொள்ளக்கூடாது.

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ கல்முனையிலோ வெளிநாட்டில் ஆள் உள்ள ஒரு வீட்டுப் போனைத் திறந்து பாருங்கள். வட்ஸ்அப் இருக்கும், பக்கத்தில் ஐஎம்ஓ இருக்கும், வைபரும் இருக்கும். வட்ஸ்அப்பில் எல்லாரும் இருக்கிறார்களே, ஐஎம்ஓ ஏன்? வளைகுடா நாடுகள் சிலவற்றில் வட்ஸ்அப்பின் குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. வாப்பாவோடு முகம் பார்த்துப் பேச வேறு வழி வேண்டியிருந்தது. அந்த ஒரு பிள்ளைக்கும் ஒரு வாப்பாவுக்கும் இடையிலுள்ள தேவைக்கு முன்னால் உலகத்தில் பில்லியன் கணக்கான பேர் வட்ஸ்அப்பில் இருப்பது உதவவில்லை. ஒரு போனில் நாலைந்து செயலி இருப்பதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. பெரிய கம்பனிக்கு எட்டாத ஒரு வேலையை எடுத்தால் ஐந்தாவதாக நீங்கள் இருக்கலாம்.

பெரிய கம்பனிகள் பயப்படுவதும் இப்படி ஓரத்தில் ஊறுகிற பழக்கத்துக்குத்தான். பேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற இஸ்ரேலியக் கம்பனியை வாங்கியது. மேலே பார்த்தால் அது பாதுகாப்புக்கான விபிஎன், அதாவது போனின் இணையப் போக்குவரத்தை மறைவாகக் கொண்டுபோகிற செயலி. உள்ளே, எந்தச் செயலியை எத்தனை பேர் எவ்வளவு தரம் திறக்கிறார்கள் என்ற கணக்கு பேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. வட்ஸ்அப்பின் வேகம் அவர்களுக்கு அந்தத் தரவில் தெளிவாகத் தெரிந்தது. 2014 பெப்ரவரியில் 19 பில்லியன் டொலர் கொடுப்பதாக அறிவித்தார்கள். அன்றைக்கு வட்ஸ்அப்பில் 450 மில்லியன் பேர், வேலை செய்தவர்கள் ஐம்பத்தைந்து பேர். ஒனாவோவை 2018இல் அப்பிள் தன் விதிக்கு ஒவ்வாது என்றதும் அப் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். இப்படி வாங்கி வாங்கிப் போட்டியை ஒழித்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2020 டிசம்பரில் போட்ட வழக்கில், 2025 நவம்பரில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பேர்க் மெட்டாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். டிக்டொக்கும் யூடியூப்பும் போட்டிக்கு நிற்கும்போது இன்றைக்கு இதை ஏகபோகம் என்று சொல்ல முடியாது என்பது அவர் கண்டது. உங்களுக்கு இதில் நேரடி வேலை இல்லை. உங்களை வாங்க யாரும் வரப்போவதில்லை, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது பேஸ்புக்கின் முதல் இரண்டு ஆண்டுகளை. 2004 பெப்ரவரியில் ஹார்வர்ட் ஒன்றுக்கு மட்டும். மார்ச்சில் கொலம்பியா, ஸ்டான்போர்ட், யேல். பல்கலைக்கழக மின்னஞ்சல் இல்லாமல் உள்ளே வர முடியாது. எல்லாருக்கும் திறந்தது 2006 செப்டெம்பரில்தான். ஒரு வளாகத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் வந்த பிறகே அடுத்த வளாகம். உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த முகம் நூறு இருந்தது.

நீங்கள் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை என்கிறீர்கள். அந்த நீளத்தில் ஐயாயிரம் பேர் சிதறி வந்தால் ஒருவருக்கு ஒருவர் அந்நியர். மருதமுனையில் தறி வைத்திருக்கிறவர், நூல் விற்கிறவர், சாரம் மொத்தமாக எடுக்கிற வியாபாரி என்று அறுபது பேர் வந்தால் அறுபது பேருக்கும் மற்றவரிடம் வேலை இருக்கிறது. அதுவும் முதல் நாளில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் பயன்படுகிற ஒன்றைக் கொடுங்கள். பாவு நூல் எந்த நிறத்தில் எத்தனை கட்டு மிச்சம், எந்தத் தறியில் எத்தனை சாரம் முடிந்தது, யாருக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தது என்று எழுதிவைக்கிற கணக்குப் புத்தகம். தனி ஆளுக்கே அது உதவும். பிறகு ‘என்னிடம் நீல நூல் பத்துக் கட்டு மிச்சம்’ என்று ஒரு பொத்தானை அழுத்தி மற்றவருக்குக் காட்டலாம். அந்த இடத்தில் தொடுப்புத் தொடங்குகிறது. இன்ஸ்டகிராமும் 2010இல் அப்படித்தான், படத்துக்கு நிறம் ஏற்றுகிற கருவியாக வந்தது, படத்தை டுவிட்டரிலும் பேஸ்புக்கிலும் போட விட்டது, ஆள் நிறைந்த பிறகு தானே ஒரு இடமானது.

தரவிறக்க எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அறுபது பேரில் எத்தனை பேர் நாலாவது வாரத்தில், நீங்கள் ஞாபகப்படுத்தாமல், தானாகத் திறந்தார்கள் என்று பாருங்கள். 25க்குக் குறைவென்றால் புது ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஏன் என்று போய்க் கேளுங்கள். போட்ட கேள்விக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வருகிறதா என்பதும் அதே அளவு முக்கியம்.

தாழங்குடா எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேணும். முதல் பதிவில் ‘ஊர்ச் செய்தி’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள், அல்லது யார் பார்த்து அனுமதிப்பது என்று முடிவான பிறகு வையுங்கள்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதற்குள் மார்ச்சில் கண்டிப் பக்கம் எரிந்தது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் சுமார் ஒரு வாரம் தடுத்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. பல்லாயிரம் ஊழியர் உள்ள கம்பனியிடமே அப்போது உள்ளூர் மொழி தெரிந்து பார்க்கிற ஆள் போதவில்லை. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் மறுபடி தடுத்தார்கள்.

தடை வருகிற நாளில், தடைப்பட்டியலில் பெயர் இல்லாத சின்னச் செயலிக்கு ஆள் வந்து குவியும். அதை வளர்ச்சி என்று எடுக்கக்கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் வாழ்கிற இந்தக் கரையில், அந்த இரவில் வருகிற ஒவ்வொரு பதிவையும் மூன்று பேரால் வாசிக்க முடியாது. செய்ய வேண்டியதை முன்கூட்டியே நிரலில் வையுங்கள். பதிந்து ஏழு நாள் ஆகாத கணக்கு பொதுப் பதிவு போட ஏலாது. ஒரே படம் ஒரு மணித்தியாலத்துக்குள் இருபது தரம் பகிரப்பட்டால் தானாக நின்று உங்கள் பார்வைக்கு வரட்டும். பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நிறுத்துகிற வசதி உங்கள் மூன்று பேருடைய போனிலும் இருக்க வேணும், ஒருவர் நித்திரை என்றால் மற்றவர் நிறுத்தலாம். நூல் கணக்குச் செயலிக்கு ஊர்ச் செய்தி இல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லை.

மருதமுனைத்தறி எழுதியது:

நேற்று இரவு மூன்று பேரும் இதை முழுக்க வாசித்தோம். வீடியோவும் ஊர்ச் செய்தியும் திட்டத்திலிருந்து வெளியே. அரட்டையும் வேண்டாம், ஆள் வட்ஸ்அப்பில் பேசட்டும், எங்கள் பக்கத்திலிருந்து இணைப்பு மட்டும் போகட்டும். நூலும் சாரமும் மட்டும், மருதமுனைக்கு மட்டும். இரண்டு சின்னக் கேள்வி. இணைப்பை வட்ஸ்அப்பில் போட்டால் படம் தெரியவில்லை, நீளமாக வேறு வருகிறது. மற்றது, பதிவுக்கு அனுப்புகிற எஸ்எம்எஸ்ஸுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் காசு வெட்டுகிறது. ஏன்?

ஒலுவில்வெளிச்சம் எழுதியது:

தம்பி, இரண்டுக்கும் காரணம் தமிழ் எழுத்து கணினிக்குள் எடுக்கிற இடம்.

இணைய முகவரிக்குள் ‘நீலச்சாரம்’ என்று தமிழில் வைத்திருப்பீர்கள். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். வேறொரு இடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. முகவரியில் பொருளின் இலக்கத்தை மட்டும் வையுங்கள், தமிழ்ப் பெயர் தலைப்புக் குறிச்சொல்லுக்குள் இருக்கட்டும். படம் தெரியாததற்கு அனேகமாக அளவுதான் காரணம். முன்னோட்டப் படத்தை 300 கேபிக்குள், 1200க்கு 630 என்ற அளவில், ஜேபெக்காகத் தனியாகச் செய்யுங்கள். முகவரி எச்டிடிபிஎஸ் உடன் முழுமையாக இருக்க வேணும். அதோடு தலைப்பையும் முன்னோட்டப் படத்தையும் சொல்கிற குறிச்சொற்கள் சேர்வரிலிருந்து வருகிற பக்கத்திலேயே இருக்க வேணும். பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறதென்றால் வட்ஸ்அப் அதைப் பார்க்காது. திருத்திய பிறகும் பழையதே தெரிந்தால் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் இலக்கமும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள், பழைய முன்னோட்டம் சேமிப்பில் இருந்திருக்கும்.

எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70. ‘கு’ என்பது ஒன்றில்லை, ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. புள்ளியும் தனி. 70ஐத் தாண்டினால் இரண்டு துண்டு, காசும் இரண்டு. ‘மருதமுனைக் கைத்தறிச் செயலிக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று தொடங்கினால் குறியீடு வருவதற்கு முன்பே முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். இப்படி அனுப்புங்கள்:

உங்கள் குறியீடு 482913. 10 நிமிடம் செல்லும்.

இது 44. அன்ட்ரொய்ட் போன் குறியீட்டைத் தானாக எடுக்க வேணுமென்றால் கடைசியில் 11 எழுத்து அடையாளமும் அதற்கு முன் ஒரு இடைவெளியும் சேரும், மொத்தம் 56. இன்னும் 14 மிச்சம், செயலியின் பெயரைச் சுருக்கி அதற்குள் வையுங்கள்.